பழுதைச் சொல்லி விற்கலாம்

ஓடாத ரிக்கார்டு பிளேயருக்கும் விலை உண்டு. அந்த விலை பெட்டியின் வயதைப் பார்த்து மட்டும் அமைவதில்லை. விற்கிறவர் அதைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார், எவ்வளவு ஒளிக்காமல் சொல்கிறார் என்பதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அமைகிறது.

திருச்சியில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், ரிக்கார்டு பிளேயர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். வீடு மாற்றும்போதும், பெரியவர்கள் காலமானபின் பரண் ஒழிக்கும்போதும், பிடி வைத்த அந்தச் சின்னப் பெட்டி வெளியே வருகிறது. அதை என்ன செய்வதென்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் வாசலில் வந்து நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்தால் நியாயமான விலை கிடைக்கும். அதைவிடப் பெரிய பலன், பெட்டி மறுபடி பாடும் இடத்துக்குப் போய்ச் சேரும்.

என் அப்பா மன்னார்குடிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்தினார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் வேப்பமரக் கிளையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, கீற்றுப் பந்தலுக்குள் ரிக்கார்டு பிளேயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊசியைத் துடைப்பது, ரப்பர் சக்கரத்தைச் சுத்தம் செய்வது, மோட்டாருக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவை. கேசட் வந்தபின் அந்தத் தொழில் மாறிப்போனது. எனக்குக் கைவேலை மட்டும் மிஞ்சியது. இன்றைக்கு என் சோறு அதில்தான்.

உங்களிடம் இருப்பது எந்தப் பெட்டி?

விற்குமுன் முதலில் தெரிய வேண்டியது இதுதான். தூக்கிச் செல்லும் பிளேயர்களில் பொதுவாக மூன்று வகை நம் வீடுகளில் கிடைக்கின்றன.

முதல் வகை, சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டி. இதற்கு மின்சாரம் வேண்டாம். சாவியைச் சுற்றும்போது உள்ளே இருக்கும் எஃகுச் சுருள் இறுகும். அது விரியும் வேகத்தை கவர்னர் என்ற சின்னச் சுழல் அமைப்பு கட்டுப்படுத்தும். எச்.எம்.வி. நிறுவனம் 1931இல் கொண்டுவந்த 102 என்ற மாடல் இந்த வகையில் புகழ்பெற்றது. 1950கள் வரை அது விற்பனையில் இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள் மட்டுமே இதில் போட வேண்டும். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மாற்ற வேண்டும். பிற்கால வினைல் தட்டை இதில் வைத்தால், ஊசியைத் தாங்கும் கனமான சவுண்ட் பாக்ஸ் ஒரே ஓட்டத்தில் தட்டைக் கீறிக் கெடுத்துவிடும்.

இரண்டாவது வகை வால்வு பெட்டி. பிரிட்டனில் 1952 முதல் விற்ற டான்செட் இதற்கு நல்ல உதாரணம். இளைஞர்கள் தங்கள் அறைக்குள் தனியாகப் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை அங்கே பரப்பிய பெட்டி அது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றபின், 1969இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. மலேயா, சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியவர்கள் கொண்டுவந்த வால்வு பெட்டிகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

மூன்றாவது வகை டிரான்சிஸ்டர் பெட்டி. எச்.எம்.வி. ஃபியஸ்டா, பிலிப்ஸ் போன்றவை. நம் வீடுகளில் அதிகம் கிடைப்பவை இவைதான். மூடியைக் கழற்றித் தனியாக வைத்தால் அதுவே ஸ்பீக்கர் ஆகிவிடும் மாடல்களும் உண்டு. பேட்டரியிலும் ஓடுவதால் மின்சாரம் வராத ஊருக்கும் இவை போய்ச் சேர்ந்தன.

தட்டுகளும் பல வகை. அமெரிக்காவில் 33⅓ சுற்று எல்.பி. தட்டு 1948இலும், 45 சுற்று தட்டு 1949இலும் வந்துவிட்டன. பிரிட்டனில் 1960 வாக்கில் 78 தட்டு தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோனது. இந்தியாவில் அது தொடர்ந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் 1960களின் நடுவில்கூட பீட்டில்ஸ் பாடல்களை 78 தட்டாக அடித்திருக்கிறார்கள். சாவி கொடுக்கும் பெட்டிகள் அப்போதும் இங்கே ஏராளமான வீடுகளில் புழங்கியதுதான் காரணம். ஆகவே நம் ஊர்ப் பரணில் மூன்று வகைப் பெட்டியும், மூன்று வகைத் தட்டும் கலந்து கிடப்பது இயல்பு. எந்தத் தட்டு எந்தப் பெட்டிக்குரியது என்று பிரித்து வைத்தாலே வாங்குகிறவருக்கு உங்கள்மேல் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

நம் வெயிலில் எது கெடும்?

நாற்பது, ஐம்பது ஆண்டு சும்மா கிடந்த பெட்டியில் கெட்டுப்போகும் பாகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் மசகு. மோட்டாரிலும், தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் அச்சிலும் போட்ட கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் இறுகிவிடும். "மோட்டார் செத்துப்போச்சு" என்று கொண்டுவரும் பெட்டிகளில் பலவற்றில் மோட்டார் நன்றாகவே இருக்கும். பழைய கிரீஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துக் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சுற்ற ஆரம்பித்துவிடும்.

அடுத்தது ரப்பர். மோட்டாரின் சுழற்சியை டர்ன்டேபிளுக்குக் கொண்டுபோவது ஒரு சின்ன ரப்பர் சக்கரம் அல்லது பெல்ட். பெல்ட் தளர்ந்துவிடும், சில பெட்டிகளில் உருகிப் பிசுபிசுக்கும். சக்கரம் காய்ந்து வழுக்கும். ஸ்பீடு குமிழை 33இலோ 45இலோ விட்டுவிட்டு வருடக்கணக்கில் மூடி வைத்தால், சக்கரம் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளமாகும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் "டொக், டொக்" என்று ஸ்பீக்கரில் கேட்கும்.

மூன்றாவது கார்ட்ரிட்ஜ். ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பாகம் இது. பழைய பெட்டிகள் பலவற்றில் இதன் உள்ளே ரோஷெல் உப்பு என்ற படிகம் இருக்கும். வளைத்தால் மின்சாரம் தரும் குணம் இதற்கு உண்டு. தண்ணீரில் கரையும் உப்பு என்பதால் ஈரம் ஆகாது. 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சிதைய ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பரணையும், ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தையும் நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் பெட்டி எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு மட்டும் வராமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம். பின்னால் வந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் இந்த விஷயத்தில் உறுதியானது.

அடுத்து ஊசி. சபையர் முனை சில பத்து மணி நேரத்தில் தேய்ந்துவிடும். வைர முனை பல நூறு மணி நேரம் தாங்கும். 78 தட்டின் ஊசிமுனை, எல்.பி. ஊசிமுனையைப்போல ஏறத்தாழ 3 மடங்கு பெரிது. அதனால்தான் பல பெட்டிகளில் ஊசியைத் திருப்பிப் போட ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். இரண்டு பக்கமும் ஊசி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கண்டென்சர்கள் காய்ந்து போனால் "ங்ங்" என்ற இரைச்சல் வரும். பேட்டரியை எடுக்காமல் விட்டிருந்தால் அது கசிந்து தகடுகளைப் பச்சையும் வெள்ளையுமாக அரித்திருக்கும். இதோடு கரையான், கரப்பான், ஒயரைக் கடித்த எலி என்று நம் ஊருக்கே உரிய சேதங்களும் இருக்கும்.

பிளக்கைச் சொருகாதீர்கள்

ஓடுகிறதா என்று பார்க்க எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பிளக்கைச் சொருகுவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காய்ந்த கண்டென்சர் வெடிக்கலாம். துணி சுற்றிய பழைய ஒயரின் இன்சுலேஷன் உதிர்ந்திருக்கலாம். இறுகிப்போன மோட்டார் சுற்ற முடியாமல் சூடேறிக் கருகலாம். சில வால்வு பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் ஓடும். குமிழ் கழன்ற இடத்தில் கை பட்டால் ஷாக் அடிக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் 110 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் சொருகிய நொடியில் முடிந்தது. சரியான டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், 60 சைக்கிளுக்குச் செய்த ஏ.சி. மோட்டார் நம் 50 சைக்கிளில் மெதுவாகத்தான் சுற்றும். பெட்டியின் அடியில் இருக்கும் சின்னத் தகட்டில் இந்த விவரங்கள் இருக்கும். முதலில் அதைப் படம் எடுங்கள்.

மின்சாரம் இல்லாமலே பார்க்கக்கூடியவை நிறைய. டர்ன்டேபிளைக் கையால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்றுகிறதா, முக்குகிறதா? ஊசியைத் தாங்கும் பிக்கப் கை தடையில்லாமல் அசைகிறதா? டார்ச் அடித்து ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குமிழ்கள், நடுவில் வைக்கும் 45 அடாப்டர், பேட்டரி மூடி, சாவிப் பெட்டியானால் சாவி, எல்லாம் இருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் பல குறைந்தால் இன்று தனியாக வாங்குவது கடினம். அதனால் பரணை இன்னொரு முறை துழாவுங்கள்.

ஓட்டித்தான் பார்க்க வேண்டுமென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். சீரிஸ் லாம்ப் என்று ஒன்று வைத்திருப்பார். குண்டு பல்பு வழியாக மின்சாரத்தைப் பெட்டிக்கு விடும் ஏற்பாடு அது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிக்கும். சுற்ற ஆரம்பித்தால் வேகத்தை நீங்களே சோதிக்கலாம். டர்ன்டேபிளின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி 33 வேகத்தில் எண்ணுங்கள். 3 நிமிடத்தில் 100 சுற்று வந்தால் வேகம் சரி. பாட்டுச் சோதனைக்குக் கீறல் விழுந்த தட்டு ஒன்று போதும். தேய்ந்த ஊசி நல்ல தட்டின் பள்ளத்தைச் சீவிவிடும்.

பெயிண்ட் வேண்டாம், பசை வேண்டாம்

"அக்கா, கறுப்பு பெயிண்ட் அடிச்சு, புது ரெக்சின் ஒட்டி வித்தா கூடக் கிடைக்கும்ல?" என்று கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு பையன் கேட்டான். தாத்தாவின் ஃபியஸ்டா அவன் கையில் இருந்தது.

"கீறலோட இருக்கட்டும் தம்பி. கீறலுக்கு யாரும் பெரிசா காசு குறைக்க மாட்டாங்க. பெயிண்டைப் பார்த்தா, அதுக்கடியில என்னத்த மறைச்சிருக்கோன்னு நினைச்சுத்தான் குறைப்பாங்க" என்றேன்.

பெட்டியின் நிறம், ரெக்சின், எச்.எம்.வி.யின் நாய்ப்படம் போட்ட முத்திரை, மோட்டார் பலகையின் பூச்சு எல்லாம் அப்படியே இருப்பதைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். நாய்ப்படத்தை மட்டும் நம்பி யாரும் வாங்குவதில்லை. பிரான்சிஸ் பாராட் வரைந்த அந்த ஓவியத்தை 1899இல் கிராமபோன் கம்பெனி வாங்கியது. இன்றைக்கு அந்தப் படம் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கும் ஸ்டிக்கராகிவிட்டது. பித்தளைக் குழலை மாட்டி, அதே படத்தை ஒட்டி, பழையது என்று விற்கும் புதுக் கிராமபோன்கள் நம் நாட்டுச் சந்தைகளில் நிறைய. அதனால்தான் வாங்கத் தெரிந்தவர்கள் உள்ளே மோட்டாரையும், அடியில் தகட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது சுத்தம் செய்வது மட்டும். காய்ந்த துணியால் தூசி தட்டுங்கள். பூஞ்சை பிடித்த ரெக்சினை ஈரத்துணியால் துடைத்து நிழலில் ஆறவிடுங்கள். கசிந்த பேட்டரி இருந்தால் கையுறை போட்டு எடுத்துவிடுங்கள். மோட்டாருக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாக இறுகிவிடும். கிழிந்த ஸ்பீக்கர் கூம்பில் உடனடிப் பசை ஊற்றாதீர்கள். உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு ப்ளூடூத் போர்டு வைத்து விற்கும் வேலைக்கும் போகாதீர்கள். அப்படிப் பிடுங்கி எறிந்த மோட்டாரும் பிக்கப்பும் இன்னொரு பெட்டிக்கு உயிர் கொடுத்திருக்கும்.

விலை எப்படி அமைகிறது?

வாங்குகிறவர் மனதில் ஓடும் கணக்கு எளிது. இதே மாடல் நன்றாக ஓடும் நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்ப்பார். அதில் ஊசி, கார்ட்ரிட்ஜ், பெல்ட் முதலிய பாகங்களின் செலவைக் கழிப்பார். மெக்கானிக் கூலியைக் கழிப்பார். கடைசியாக, தனக்குத் தெரியாத பழுதுக்கும் ஒரு தொகையைக் கழிப்பார். இந்தக் கடைசித் தொகைதான் பெரிது. விவரம் இல்லாத இடத்தில் மிக மோசமான பழுதையே அவர் கணக்கில் எடுப்பார். "ஓடுமா தெரியாது" என்ற பெட்டியை மோட்டார் கருகிய பெட்டியாகவே மதிப்பிடுவார். "மோட்டார் சுற்றுகிறது, 33இல் வேகம் சரி, கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை" என்று சொன்னால், கார்ட்ரிட்ஜுக்கு மட்டுமே குறைப்பார். உண்மையைச் சொல்வதால் கையில் வரும் லாபம் இதுதான்.

விற்பதற்காகச் செலவு செய்து பழுதுபார்க்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் வேண்டாம். இந்தப் பெட்டிகளை வாங்குகிறவர்களில் பலர் தாமே சரிசெய்யும் ஆசையோடு வருகிறவர்கள். பெல்ட் மாற்றுவது போன்ற சின்ன வேலை என்றால் செய்யலாம். அதற்கு மேல் போட்ட பணம் திரும்பி வருவது கஷ்டம்.

விற்பனைக் குறிப்பை இப்படி எழுதிக் கொடுக்கச் சொல்வேன்:

"எச்.எம்.வி. ஃபியஸ்டா. மின்சாரத்தில் மோட்டார் சுற்றுகிறது. 33, 45 வேகம் சரி, 78இல் மெதுவாக ஓடுகிறது. ஊசி தேய்ந்திருக்கிறது. பாட்டு மிகக் குறைவாகக் கேட்கிறது, இரைச்சல் உண்டு. பேட்டரி கசிந்து ஒரு தகடு அரித்திருக்கிறது, பேட்டரியில் ஓட்டிப் பார்க்கவில்லை. பேட்டரி மூடி இல்லை. குமிழ்கள் எல்லாம் உண்டு. மூடியின் வலது மூலையில் ரெக்சின் கிழிசல், படத்தில் காண்க. பெயிண்ட் அடிக்கவில்லை. உள்ளே எதையும் மாற்றவில்லை."

இதோடு மூடிய பெட்டி, திறந்த பெட்டி, அடிப்பகுதித் தகடு, ஊசி, பேட்டரி அறை, சேதமான இடங்கள், இத்தனைக்கும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள். சுற்றும்போது வெட்டாமல் எடுத்த ஒரு வீடியோ. ஒரு பெருநகர வியாபாரி எனக்கு அனுப்பிய வீடியோவில் பாட்டு கணீரென்று கேட்டது. வந்து சேர்ந்தது வேறு பெட்டி. அதே மாடல்தான், ஆனால் உள்ளே மோட்டார் இல்லை. அதற்குப்பின் வீடியோவின் தொடக்கத்தில் அடித்தகட்டின் எண்ணைக் காட்டும்படி கேட்கிறேன். நீங்களும் அப்படியே எடுத்து அனுப்புங்கள். கேட்பதற்கு முன்பே காட்டுகிறவரிடம் யாரும் அதிகம் பேரம் பேசுவதில்லை.

யாரிடம் விற்பது? சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் அங்கிருந்த கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. பழைய தட்டு தேடுகிறவர்கள் இன்றும் சொல்லும் இடம் அது. இணையத்திலும் விற்கலாம். ஆனால் முதலில் உங்கள் ஊர்ப் பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கேளுங்கள். யார் வீட்டில் எந்தப் பெட்டி எந்தப் பாகத்துக்காகக் காத்துக்கிடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தட்டுகளைத் தனியாக விலை பேசுங்கள். பெட்டிக்கு இலவசமாகப் போகும் தட்டுகளில் சில, பெட்டியைவிட மதிப்புள்ளவையாக இருக்கலாம்.

அனுப்பும்போது

பார்சலில் உடையும் பெட்டிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஐம்பது ஆண்டு தாங்கியது இரண்டு நாள் லாரிப் பயணத்தில் போய்விடுகிறது. பிக்கப் கையை மெல்லிய துணி நாடாவால் அதன் தாங்கியோடு கட்டுங்கள். ஊசிக்கு மூடி இருந்தால் போடுங்கள். டர்ன்டேபிள் கழன்று வரும் வகையானால் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். ஸ்பிரிங்கில் மிதக்கும் மோட்டார் பலகையை இறுக்கிப் பிடிக்க இரண்டு திருகுகள் பல மாடல்களில் இருக்கும், அவற்றை முடுக்குங்கள். ஸ்பீடு குமிழை நடுநிலையில் வையுங்கள். சாவிப் பெட்டியானால் சுருள் முழுவதும் விரிந்து ஓய்ந்தபின் கட்டுங்கள். தட்டுகளைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பவே கூடாது. 78 தட்டு அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தது, விழுந்தால் சில்லுச் சில்லாகும். அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு அட்டைப்பெட்டி, நடுவில் இரண்டு விரல் கனத்துக்குக் கசக்கிய காகிதம். இவ்வளவும் செய்தால் பெட்டி முழுசாகப் போய்ச் சேரும்.

இந்தப் பெட்டிகளின் பல பாகங்கள் இன்று புதிதாகக் கிடைப்பது கடினம். ஒரு ஃபியஸ்டாவின் ரப்பர் சக்கரம் வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு ஃபியஸ்டாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடைக்குப் போன ஒவ்வொரு பெட்டியோடும் எங்கோ காத்திருக்கும் வேறொரு பெட்டியின் வாய்ப்பும் போகிறது. ஆகவே உங்கள் பரணில் ஒன்று இருந்தால் கீழே இறக்குங்கள், பேட்டரியை எடுத்துவிடுங்கள், எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஒரு தாளில் எழுதி மூடிக்குள் ஒட்டுங்கள். ஓடாததை ஓடாது என்றே சொல்லி விலை கேளுங்கள். அதைத் தெரிந்தே வாங்கி, ஓட வைக்கத் தயாராக ஆட்கள் இருக்கிறார்கள்.